பேஸுக்கு அப்பால் கிடந்த தோணி

சாய்ந்தமருதுக் கடற்கரையில் பிள்ளைகளுக்குப் பேஸ்போல் பழக்குகிறேன். அவர்களில் மெதுவாக ஓடும் அர்ஷாத்தின் வேகத்தைக் கூட்ட மணலில் ஓடவிட்டேன், டயரைக் கட்டி இழுக்கவிட்டேன். பந்தை அடித்தவன், முதல் பேஸ் என்ற தட்டை ஓடித் தொட்டுவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் அப்பாலும் ஓடலாம். போட்டியன்று, வெளியூர் மைதானத்தில், அவன் பேஸை நெருங்கியதும் வேகம் தணிந்து அவுட்டானான்.

"ஏன்டா நிண்ட?" என்று கத்தினேன்.

"அங்கால தோணி கிடக்குமெண்டு கால் தானா நிண்டிட்டு, சேர்."

நாங்கள் பழகும் இடத்தில் பேஸுக்குப் பின்னால் எப்போதும் ஒரு தோணி கிடக்கும். என் கண்ணில் அது ஒரு தடையாகப் பட்டதே இல்லை.

மறுநாள், காக்கா என்று நாங்கள் அழைக்கும் தோணிக்கார அண்ணனிடம், தோணியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன்.

"முந்தியே சொல்லியிரிக்கலாமே சேர்" என்றவர், ஆட்களைக் கூப்பிட்டுத் தோணியைத் தள்ளிவைத்தார். அன்று அர்ஷாத் பேஸைத் தாண்டி ஓடி, அலைக்குள் போய்த்தான் நின்றான்.

இப்போது ஒரு பிள்ளை மெதுவாக ஓடினால், முதலில் அவனுக்கு முன்னால் என்ன கிடக்கிறது என்று பார்க்கிறேன். அவன் காலைப் பிறகுதான் பார்க்கிறேன்.