கேஜ் போடாமல் சொன்ன தீர்ப்பு

ஆயுத பூஜை முடிந்து நாலாம் நாள் காலை, தொண்டாமுத்தூரில் தேங்காய் ஏற்றும் பழைய லாரி ஒன்று மேட்டுப்பாளையம் ரோட்டிலிருக்கும் என் பட்டறைக்கு வந்து நின்றது. ஆயில் பிரஷர் நிற்கவில்லை என்று கம்ப்ளெயின்ட். ஓட்டி வந்த அந்தோணி அந்த வண்டிக்குப் பன்னிரண்டு வருஷமாக டிரைவர்.

"ஏனுங்க மேஸ்திரி, ஸ்டார்ட் பண்ணுனா ஆயில் மீட்டர் முள்ளு நல்லா நிக்குதுங்க. ரேஸ் குடுத்தா எறங்கிப்போகுது. ஆஃப் பண்ணிப் பத்து நிமிஷம் உட்டா மறுபடி சரியாயிருதுங்க. அதனால..." அவர் முடிப்பதற்குள் நான் குறுக்கிட்டேன்.

"வண்டியும் நீங்களே ஓட்டி, வைத்தியமும் நீங்களே பாக்கறதுன்னா நான் எதுக்குங்க? பேரிங் போயிருச்சு. ஆயில் இல்லாம ஓட்டியிருக்கறீங்க."

முப்பது வருஷ அனுபவம் ஒரு கெட்ட வியாதி. முதலில் ஆயில் பிரஷரை அளக்கும் டெஸ்ட் கேஜ் மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். நான் நேராக லாரி முதலாளி வேலுச்சாமிக்குப் போன் போட்டு, "உங்க டிரைவர் எஞ்சினைக் காலி பண்ணிப்போட்டாருங்க," என்றேன்.

அரை மணி நேரத்தில் அவர் வந்து அந்தோணியிடம் கை நீட்டினார். "சாவியக் குடுத்துப்போட்டு ஊட்டுக்குப் போங்க. நாளைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

அந்தோணி சாவியைக் கொடுத்தார். ஆனால் போகவில்லை. "சம்பைக் கழட்டறதப் பாத்துட்டுப் போறனுங்க," என்று கை கட்டி நின்றுகொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆயிலை வடித்து, வண்டிக்கடியில் படுத்து, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றினேன். ஒரு பேரிங் கேப்பையும் கழற்றிப் பார்த்தேன். தேய்மானமே இல்லை. பம்ப் ஆயிலை உறிஞ்சும் சல்லடையான ஸ்ட்ரெய்னரின் வாயில் ஒரு துணி அப்பிக் கிடந்தது. எஞ்சின் வேகமெடுத்தால் பம்ப் இழுக்கிற இழுப்பில் துணி வந்து அடைக்கும். நிறுத்தினால் கீழே விழுந்துவிடும். அந்தோணி சொன்னது அத்தனையும் சரி.

துணியைப் பிரித்தேன். ஊதாக் கோடு, ஒரு பாக்கெட், அதில் பச்சை நூலில் தைத்த சிவப்புப் பட்டன். பட்டன் என் மனைவியின் கைவேலை, சட்டை என்னுடையது. கிழிந்தபின் பட்டறையில் வேஸ்ட் துணியாகிவிட்டது. பூஜைக்கு இந்த லாரியும் இங்கேதான் வந்திருந்தது. எஞ்சினைக் கழுவியபோது ஆயில் ஊற்றும் குழாயின் மூடியைப் பாலிஷ் போடக் கழற்றினேன். தண்ணீர் இறங்காமலிருக்கக் குழாயில் இந்தத் துணியைத் திணித்தேன். மூடி பளபளத்ததும் சந்தனப் பொட்டு வைக்கிற அவசரத்தில் துணியை எடுக்காமலே மூடியைத் திருகிவிட்டேன். வண்டி ஓடிய குலுக்கலில் அது உள்ளே இறங்கியிருக்கிறது.

வண்டிக்கடியில் என்னை யாரும் பார்க்கவில்லை. துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். வெளியே அந்தோணியின் கால்கள் அசையாமல் நின்றன. அவற்றைப் பார்க்க வெட்கமாகப் போயிற்று.

வெளியே வந்தேன். "டிரைவர் மேல தப்பில்லீங்க. இது என்ற சட்டை. நாந்தான் உள்ள உட்டுப்போட்டேன்."

வேலுச்சாமி சட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சாமிக்கு வேட்டி சாத்துவாங்க. எஞ்சினுக்குச் சட்டை சாத்துனது நீங்க ஒருத்தர்தானுங்க," என்றார். சாவியை அந்தோணியின் கையில் வைத்து, அவர் தோளைத் தட்டினார்.

சம்பை மாட்டிப் புது ஆயில் ஊற்றிய பிறகும் அந்தோணி வண்டியில் ஏறவில்லை.

"கேஜ் மாட்டுங்க மேஸ்திரி. நீங்க ரேஸ் குடுங்க, நான் முள்ளப் பாக்கறேன்."

கேஜை மாட்டி, ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். முள் ஏறி நின்றது.

"போதுங்களா?"

"இன்னுங் கொஞ்சம் குடுங்க."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: டிரைவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். எனக்கு அது கால் மரத்துப்போன பிறகுதான் புரிந்தது.