மான் கொட்டகை முன் ஒரு வட்டம்

என் கையெழுத்து கோணல், பிழைகளும் இருக்கும். ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்குப் பேருந்தில் ஏற்றிப் போனேன். அதே பள்ளியில் சேர்ந்திருந்த என் மகளும் வந்தாள். எஸ்டேட்டை விட்டு ஈப்போ நகரத்துக்கு வந்த புதிது, அவளுக்கு இன்னும் தோழிகள் இல்லை.

அங்கே பாடம் நடத்திய பெண்ணுக்கு வெயிலில் கறுத்த முகம், கரகரத்த குரல். பேசும்போது வெண்கட்டியைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே இருப்பார். பச்சைச் சீருடை முழுக்க வெள்ளைக் கோடுகள்.

மான் கொட்டகைக்கு முன் தரையில் வட்டம் போட்டார்.

"இதான் கூண்டு. நீங்கதான் மான்."

குட்டி பிறந்தது என்று சொல்லி ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். பிள்ளைகள் நெருக்கியடித்துச் சிரித்தார்கள்.

"காடெல்லாம் செம்பனைத் தோட்டம் ஆயிடுச்சு, அங்க விட முடியாது. இங்கயும் இடம் பத்தல. யாரை வெளிய அனுப்பலாம்?"

எல்லா விரல்களும் என் மகளைக் காட்டின. "இவதான் லா! எஸ்டேட்காரி!"

யாரும் தள்ளாமலே அவள் வெளியே வந்து நின்றாள்.

"யாரையும் அனுப்ப வேணாம். ஆணையும் பெண்ணையும் பிரிச்சு வெச்சாப் போதும்," என்று அவர் பாடத்தை முடித்தார்.

பிள்ளைகள் சாப்பிடப் போனதும் கேட்டேன். "அந்தக் கேள்வி எதுக்கும்மா?"

"எல்லாப் பள்ளிப் பிள்ளைங்ககிட்டயும் கேக்கறதுதான் அண்ணே. யாருமே யோசிக்கிறதில்ல. பட்டுனு ஒரு பிள்ளையக் காட்டிடுவாங்க."

"அது என் மக."

"தெரியும் அண்ணே. உங்க முகத்தப் பாத்தேன்."

அதற்குள் அடுத்த பள்ளி வந்துவிட்டது. அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். தெரிந்தும் ஏன் கேட்கிறார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நானும் அங்கேயே நின்று, யாரைக் காட்டுகிறார்கள் என்று பார்த்தேன்.

எழுதியது, தைப்பூசத்துக்கு மறுநாள்.