வருகைப் பதிவேட்டில் ராஜேஸ்வரி

தன்லியின் ஊர்க் கோயில் சபைப் பெரியோர்களுக்கும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பசுந்தாங் பள்ளி ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவான வணக்கம். ராஜேஸ்வரியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பத்து நாள் சென்ற பின்னர் இந்நினைவுரையை அனுப்புவதற்கு மன்னிக்க வேண்டுகிறேன். தாமதத்தின் காரணத்தை இதிலேயே சொல்கிறேன்.

செய்தி வந்தபோது அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அவள் தம்பி தொலைபேசியில் பேசினார். "அக்கா, டைப் அடிக்கிறத நிறுத்துங்க. ராஜி அக்கா போயிட்டாங்க." மாரடைப்பு. பாதி வாக்கியத்தில் கை நின்றது. அவ்வாக்கியத்தை முடித்துவிட்டே எழுந்தேன். வேறென்ன செய்வதென்று அறியேன்.

ஆசிரியப் பணியில் இருந்தவாறே பாங்காக்கின் ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முனைவர் பட்டத்துக்குப் பயின்றவள் ராஜேஸ்வரி. ஆய்வேட்டை ஊரிலிருந்தே எழுதலாம். ஆனால் இரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு மூன்று வாரம், வளாகத்தில் தங்கியாக வேண்டும். ஆண்டுதோறும் முன்னேற்ற ஆய்விலும் தேற வேண்டும். தவறினால் பதிவு ரத்து. பள்ளிக்குப் போகும் வழியில் ஆற்றுப் பாலத்தில் பேருந்து நெரிசலில் நிற்கும் நேரத்தைத்தான் "என் லைப்ரரி" என்பாள். நான் நான்காம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலமும் தட்டச்சும் அகராதியின் துணையோடு நானே கற்றவை. அந்த விதிப் புத்தகத்தை அவளைவிட அதிக முறை படித்தவள் என்ற பெருமை எனக்கு இருந்தது.

அப்பெருமையே வினையாயிற்று. நம்மில் பலரைப் போல அவளுக்கும் இரு பெயர்கள். அடையாள அட்டையிலும் பள்ளியிலும் மியா சான் என்னும் பர்மியப் பெயர், முன்னே டாவ் என்ற மரியாதை அடைமொழியோடு. வீட்டிலும் கோயிலிலும் ராஜேஸ்வரி. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அட்டைப் பெயரையே நிரப்பினோம். முதல் தடவை புறப்படுமுன் என் தட்டச்சுக் கடைக்கு வந்தாள். "மியா சான்னு எழுதி எழுதிக் கை மரத்துப் போச்சுக்கா" என்றாள். "அங்க உன்ன யாரு தடுக்கப் போறா? அப்பா வச்ச பேர எழுதிட்டு வா" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். இரண்டு ஆண்டும் வளாகத்தின் வருகைப் பதிவேட்டில் ராஜேஸ்வரி என்றே கையொப்பமிட்டாள்.

பதிவேட்டை முதன்முறையாகச் சரிபார்த்த இறுதி முன்னேற்ற ஆய்வில் கடிதம் வந்தது: மியா சான் என்னும் மாணவி ஒரு நாளும் வளாகத்தில் தங்கியதாகப் பதிவு இல்லை. அவளை நேரில் கண்ட வழிகாட்டிப் பேராசிரியை வாதாடினார். பல்கலைக்கழகக் குழுவோ காகிதம் கேட்டது. உறவினர் அல்லாத மூவர், இரு பெயரும் ஒருத்தியுடையவையே எனவும், பத்தாண்டுகளாக அவளை இரு பெயராலும் அறிவோம் எனவும் கையொப்பமிட வேண்டும்.

வசவை எதிர்பார்த்தே பள்ளி வாசலுக்குச் சென்றேன். எதிர்க்கடையில் மொஹிங்கா என்னும் மீன்சாற்று நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாலதான்டி" என்றேன்.

"நீங்க சொன்னீங்க. எழுதினது என் கைதானே? அழுதா காகிதம் நனையும்க்கா, வேற ஒண்ணும் ஆகாது. உக்காருங்க. யார் யாரைக் கேக்கலாம்னு எழுதுங்க."

என் பெயரை எழுதினேன். அடுத்த பெயர் இருவருக்கும் தோன்றவில்லை. நான்காம் நாள் அவள் இல்லை.

சாவு வீட்டில் அன்று நடந்ததை ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மலர்வளையத்தோடு பாலம் கடந்து வந்தவர்கள், வாசலில் ராஜேஸ்வரி என்ற அறிவிப்பைப் பார்த்து, வீடு தவறிவிட்டதென்று தெருமுனைக்கே திரும்பிவிட்டார்கள். தம்பி ஓடிச்சென்று, "டீச்சர், அவங்கதான் இவங்க" என்று அழைத்துவந்தார்.

பேராசிரியை மீண்டும் எழுதினார்: மாத இறுதிக்குள் மூன்று கையொப்பங்களும் சேர்ந்தால், மறைந்தவளுக்கும் பட்டம் வழங்கக் குழு இசைந்துள்ளது. ஆய்வேட்டை முழுமையாக அனுப்பிவிட்டேன். பின்னர் கையொப்பம் தேடி அலைந்தேன், தாமதம் அதனால்தான். கோயிலில் ஒரு பெரியவர், "மியா சானா? அது யாரும்மா, நம்ம ராஜிக்கு சக்களத்தியா?" என்றார். பள்ளியில் மூத்த ஆசிரியை, இருபது ஆண்டு பக்கத்து மேசையில் இருந்தவர், "ராஜேஸ்வரிங்கிற பேர சாவு வீட்டு வாசல்லதான் முதல்ல பாத்தேன். பத்து வருஷமாத் தெரியும்னு எப்படிப் பொய்க் கையெழுத்துப் போடுவேன், அக்கா?" என்று கலங்கினார். அவர் மறுத்தது நேர்மை, எனக்குக் கோபமில்லை. ராஜியும் பொய்க் கையொப்பத்தை ஏற்றிருக்கமாட்டாள்.

அவள் கைப்பிரதியை மட்டும் எனக்கென வைத்துக்கொண்டேன். நான் திருத்திய ஓர் இடத்தின் ஓரத்தில், "உங்க வாக்கியமே இருக்கட்டும், அக்கா" என்று எழுதியிருக்கிறாள். பட்டம் பெற்றவர் வேறு எவரும் என்னிடம் அவ்வாறு சொன்னதில்லை.

என் கையொப்பம் ஆயிற்று. இன்னும் இரண்டு வேண்டும். அவளிடம் படித்த தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் அவளைப் பள்ளியிலும் கோயிலிலும் கண்டிருக்கக்கூடும். பத்தாண்டுகளாக இரு பெயராலும் அவளை மெய்யாகவே அறிந்தவர் உங்களுள் இருந்தால், அல்லது அத்தகையோரைத் தெரிந்திருந்தால், வரும் வெள்ளிக்கிழமைக்குள் பசுந்தாங்கில் உள்ள என் தட்டச்சுக் கடையில் எனக்குத் தெரிவியுங்கள். விரைந்து பதில் வேண்டும்.