கார்புரேட்டருக்குச் சந்தனம்

சித்தப்பாவின் காரில் இரண்டே இருக்கைகள். ஒன்று சித்தப்பாவுக்கு, மற்றது எனக்கு. இந்தப் பாகப்பிரிவினையைச் செய்தது யார் என்று கேட்டால், நான்தான். அம்மா அதில் ஏற மாட்டாள். கூரை இல்லாத வண்டியில் போவதும் நடுத்தெருவில் தலைவாருவதும் ஒன்றுதான் என்பது அவள் கட்சி. அப்பா ஏறினால் கடையின் கௌரவம் இறங்கிவிடும். தம்பி தொட்டிலில் கிடந்தான். ஆகவே தோல் கிழிந்து உள்ளிருக்கும் நார் எட்டிப்பார்க்கும் அந்த இடப்பக்க இருக்கை, ஒன்பது வயதில் எனக்குக் கிடைத்த முதல் சொத்து.

போனக்காட்டில் தேயிலைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குக் கப்பல் ஏறும்போது விட்டுவிட்டுப் போன வண்டி அது. அங்கே வாலிபர்கள் பந்தயத்துக்கு ஓட்டும் ஜாதியாம். நீண்ட மூக்கு, தரையை ஒட்டிய வயிறு, சைக்கிளுக்கு இருப்பதுபோலக் கம்பிகள் வைத்த சக்கரம். தேயிலை லாரிக்குப் பின்னால் வடம் கட்டித்தான் அதை மலையிலிருந்து இறக்கினார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சித்தப்பா மட்டும் "ஓட்டிக்கிட்டு வந்தேன்" என்றே கடைசிவரை சொல்லிவந்தார்.

சித்தப்பாவுக்கு மின்சார இலாகாவில் வேலை. ஆபீஸ் இல்லாத நேரமெல்லாம் அவருடைய கால்கள் மட்டும் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டு தெரியும். சீமையிலிருந்து ஒரு சாமான் வந்துசேர மாதக்கணக்காகும். அதுவரை காலண்டர் அட்டையை வெட்டி, எண்ணெய் கசியாமல் இடுக்கில் வைக்கும் காஸ்கெட் செய்வார், அம்மாவின் பழைய சேலையில் பெட்ரோல் வடிகட்டுவார். ஸ்பேனருக்கும் போல்ட்டுக்கும் அப்பாவின் கடை இருந்தது. சாலைக் கடைத்தெருவில் ஆணியிலிருந்து அடிகுழாய்வரை விற்கும் இரும்புக்கடை அது. அப்பா முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்துக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்குமுகம் கடற்கரைக்குப் புறப்படுவோம். போகும்போது வண்டி எங்களைக் கொண்டுபோகும். வரும்போது பல தடவை நாங்கள் அதைக் கொண்டுவருவோம். எனக்கு இரண்டுமே பிடிக்கும்.

ராஜா காலம் போய் திரு-கொச்சி சர்க்கார் வந்துவிட்டது, சித்தப்பாவுக்கு மட்டும் ஒரு பெண் வந்தபாடில்லை. வந்த இடத்தையெல்லாம் ஏதோ ஒரு நொட்டை சொல்லித் தட்டிக்கழித்தார். கடைசியில் நாகர்கோவிலில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி என்று அம்மா கேட்டதற்கு, "நல்லாச் சிரிக்குது மயினி" என்றார். வண்டியைத் தவிர வேறொன்றைப் பற்றி அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்ததே அம்மாவுக்கு அதிசயம். அன்றைக்கே பாயசம் வைத்துவிட்டாள்.

பிறகு பெண்ணின் அப்பா எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். வீடு பிடித்தது, கடை பிடித்தது, சித்தப்பாவையும் பிடித்தது. கொட்டகையில் நின்ற வண்டிதான் பிடிக்கவில்லை. அதைச் சுற்றிச்சுற்றி வந்தார். கதவின் மேல் கையை வைத்தார். அது அவர் தொடை உயரம்கூட இல்லை.

"மேல ஒண்ணுமில்ல, பக்கத்துலயும் ஒண்ணுமில்ல. இதுல போற ஆளு வீட்டுக்குத் திரும்பி வருவாருன்னு என்னவே நிச்சயம்? எனக்கு ஒரே பொம்பளப்பிள்ள" என்றார்.

அவர் குரலில் கோபமில்லை, பயம் இருந்தது. அதனால்தானோ என்னவோ அப்பா மறுபேச்சுப் பேசாமல், "வித்திருவோம் அண்ணாச்சி" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். சாலைத் தெருவில் அப்பா சொன்ன சொல் மாறமாட்டார் என்று பெயர். எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணாச்சி சொன்னாச் சரிதான்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வண்டிக்காக ஒரு சண்டைகூடப் போடாத இந்த மனிதருக்கா நான் இத்தனை நாள் மேட்டில் வண்டி தள்ளினேன் என்று தோன்றியது.

பெண்ணின் அப்பா எதையும் அரைகுறையாக விடுகிறவர் இல்லை. வாங்குவதற்கு ஆளையும் அவரே பிடித்துவிட்டார். கொல்லத்தில் மரக்கடை வைத்திருந்தவரின் மகன். எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டபோது, பூஜை கழியட்டும், விஜயதசமி நல்ல நாள், அன்றைக்கு ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்று அப்பா சொன்னார்.

அதன் பிறகு சித்தப்பா சீட்டியடிப்பதை நிறுத்திவிட்டார். விற்கப்போகிற வண்டியைத் தினமும் துடைத்தார். ஒரு சாயங்காலம் அவர் கொட்டகையில், ஓடாமல் நிற்கும் வண்டியில் ஏறி, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கடையிலிருந்து வந்த அப்பா அதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பாவுக்குக் கல்மனசு என்று நான் அன்று முடிவுகட்டினேன்.

எங்கள் ஊரில் அஷ்டமியன்று சாயங்காலம் புத்தகத்தையும் ஆயுதத்தையும் பூஜைக்கு வைத்தால், தசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. படிக்கச் சொல்லி யாரும் அதட்ட முடியாதே. வருஷா வருஷம் வண்டிக்காக அதன் சாவியைத்தான் வைப்போம். அந்த வருஷம் அப்பா சம்மதிக்கவில்லை.

"சாவி என்னத்துக்கு? வண்டிக்கு உசிரு எங்க இருக்கோ அதக் கழத்தி வையி. வீட்ட விட்டுப் போற சாமானுல்லா" என்றார்.

சித்தப்பா கார்புரேட்டரைக் கழற்றினார். பெட்ரோலும் காற்றும் கலந்து என்ஜினுக்குப் போகிற இடம் அது. துடைத்து, கழுவி, மினுக்கி, வாழையிலையில் என் கணக்குப் புத்தகத்துக்கும் கடைத் தராசுக்கும் நடுவில் வைத்தார். சந்தனம் குங்குமம் வைப்பது எப்போதும் அம்மாவின் வேலை. அன்று அப்பா கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். புத்தகங்களுக்கு ஒரு பொட்டு, தராசுக்கு ஒரு பொட்டு. கார்புரேட்டருக்கு மட்டும் சுற்றிலும் வைத்தார், உள்ளேயும் வைத்தார், கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வைத்தார். சித்தப்பா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் கும்பிட்டேன். வண்டி போகக்கூடாது என்று சரஸ்வதியைக் கேட்டேன். படிப்புச் சம்பந்தமில்லாத விஷயத்துக்கு அவளைத் தொந்தரவு செய்கிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

தசமி காலையில் நாங்கள் பூஜை எடுத்து முடிக்குமுன்பே நாகர்கோவிலாரும் கொல்லத்துக்காரரும் வந்துவிட்டார்கள். "சட்டுனு மாட்டுடே, ஆளுகளக் காக்க வைக்காத" என்று அப்பா அவசரப்படுத்தினார். சித்தப்பா காய்ந்துபோன சந்தனத்தை மேலாகத் துணியால் துடைத்து, கார்புரேட்டரை மாட்டினார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தேங்காயும் உடைத்தாயிற்று.

சித்தப்பா முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினார். வண்டி ஒரு தடவை இருமியது. மறுபடி சுழற்றினார். தும்மியது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டுச் சுழற்றினார். கொல்லத்துக்காரர் தாமும் சுழற்றிப் பார்த்தார். தெருப்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். அவர்களோடு நானும் தள்ளினேன், அதாவது தள்ளுகிறதுபோல நின்றுகொண்டு பின்னால் இழுத்தேன். எலுமிச்சம்பழம் நசுங்கியதுதான் மிச்சம்.

சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. விற்பதற்குச் சம்மதித்த மனிதருக்கு, தம் வண்டி நாலு பேர் முன்னால் ஓடாமல் மானத்தை வாங்குவது பொறுக்கவில்லை. வியர்வை வழிய, "முந்தாநாளுவரைக்கும் நல்லா இருந்திச்சு, நல்லா இருந்திச்சு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

கொல்லத்துக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, "இதில ஜீவனில்ல, கேட்டோ. ஷோவுக்கு வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கக் கிழக்கேகோட்டைப் பக்கம் நடந்துவிட்டார்.

இப்போது எல்லோரும் நாகர்கோவிலாரைப் பார்த்தோம். வண்டி விற்கவில்லை என்றால் கல்யாணமில்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தாள். சித்தப்பா கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். இரண்டும் கைவிட்டுப்போன மனிதரின் முகமாக இருந்தது அது. முதன்முதலாக எனக்குப் பயம் வந்தது. வண்டி இருக்கட்டும் என்றுதான் கேட்டேனே தவிர, கல்யாணம் நிற்கட்டும் என்று நான் கேட்கவில்லை.

நாகர்கோவிலார் வண்டியை இன்னொரு தரம் சுற்றி வந்தார். மூக்கைத் தட்டிப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

"இது எப்பவும் இப்படித்தானா?"

"பாதி நாளு இப்படித்தான் அண்ணாச்சி. ஞாயித்துக்கிழம முழுக்க இதுக்கு அடியிலதான் கெடப்பான். எங்கயும் போகமாட்டான்" என்றார் அப்பா.

"அப்ப கெடந்துட்டுப் போகட்டும். ஓடாத வண்டி யார என்ன செய்யும்? சீட்டுக்கட்டு, கள்ளுன்னு போகாம வீட்டோட கெடக்குத மாப்பிளதான எனக்கு வேணும்" என்றார் அவர். அங்கேயே நின்று நிச்சயதார்த்தத்துக்கு நாளும் பேசி முடித்தார்கள்.

அம்மா அப்போது விட்ட மூச்சு கொட்டகைவரை கேட்டது. நான் கைதட்டிக்கொண்டு குதித்தேன். சித்தப்பா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வண்டியின் மூக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் நடந்தால் அந்த இடப்பக்க இருக்கை யாருக்குப் போகும் என்பது என் மூளைக்கு அப்போது எட்டவில்லை. எட்டியிருந்தால் அப்படிக் குதித்திருக்க மாட்டேன்.

சம்பந்தி சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டுப் போன பிறகு சித்தப்பா கார்புரேட்டரைக் கழற்றிப் பிரித்தார். பெட்ரோல் வரும் துளை, முடி நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். அது முழுக்கச் சந்தனம். காற்று வரும் வழியிலும் சந்தனம். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். இத்தனை வருஷம் இரும்புக்கடை நடத்துகிறவருக்கு எதில் சந்தனம் அப்பலாம், எதில் அப்பக்கூடாது என்று தெரியவில்லையே என்றாள். பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து பார்த்துச் சிரித்தார்கள். விரலால் தடவியே ஒரு போல்ட்டின் மரை எந்த அளவு என்று சொல்லக்கூடியவர் அப்பா. தொழில் விஷயத்தில் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் எரிந்து விழுவார். அன்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "கண்ணுல பட்ட ஓட்டையிலெல்லாம் வச்சேன். சாமி காரியத்துல கணக்குப் பாக்க முடியுமா" என்று மட்டும் சொன்னார். அப்பாவை எல்லோரும் சேர்ந்து மட்டம்தட்டுவது எனக்கு வருத்தமாக இருந்தாலும், நானும் சிரிக்கத்தான் செய்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு சித்தப்பா துளையைச் சுத்தம் செய்ய ஒரு ஊசியைத் தேடினார். வீட்டிலிருந்த ஊசியெல்லாம் தடிமனாக இருந்தது. பக்கத்தில் நின்ற அப்பா சட்டைப்பையில் கைவிட்டு, காகிதத்தில் சுருட்டிவைத்த ஒரு மெல்லிய பித்தளைக் கம்பியை எடுத்து நீட்டினார். அது துளைக்குள் அளவெடுத்தாற்போல் போய் வந்தது. கடை அஷ்டமியிலிருந்து பூட்டிக் கிடந்தது. கடைச் சாவியே அன்று காலைவரை பூஜையில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கம்பி எப்போது பைக்குள் வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்பாவின் பையில் எப்போதும் ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சித்தப்பா கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பெட்ரோல் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

"நல்ல கம்பி அண்ணாச்சி" என்றார்.

"நம்ம கடைச் சரக்குல்லா" என்றார் அப்பா.

அவர்கள் கம்பியைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டு நின்றேன்.