மல்லேஸ்வரத்தில் அவரைக்காய்ப் பனி

பெங்களூர்க் குளிர் எனக்கு ஆகாது. உடம்புக்கு மட்டுமல்ல, மனசுக்கும். என் மகள் கமலத்தை மல்லேஸ்வரத்தில் கட்டிக்கொடுத்தோம். ஒரு மார்கழியில் மார்ச்சளி கண்டு அங்கேயே போய்விட்டாள். அவள் பெண் அம்புஜத்துக்கு அப்போது ஆறு வயது. மாப்பிள்ளை மறு வருஷமே வேறு கல்யாணம் செய்துகொண்டார். மாற்றாந்தாய் கையில் குழந்தை குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்தே எனக்குத் தூக்கம் போயிற்று. அவளை வேலூருக்கு அழைத்து வந்து நானே வளர்ப்பது என்று முடிவு செய்து, போன மார்கழியில் புறப்பட்டேன். மாப்பிள்ளையும், "குழந்தை சம்மதித்தால் அழைத்துப் போங்கள்" என்று முன்னமே சொல்லியனுப்பியிருந்தார்.

துணைக்கு வருகிறேன் என்று சொன்ன தம்பியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்றாலும் ரயில் அட்டவணை படிக்க எனக்கு ஆள் வேண்டாம். காட்பாடியில் காலை எட்டரை மணி வண்டி, மூன்றாம் வகுப்புக்கு இரண்டு ரூபாய் மூன்றணா. ஜோலார்பேட்டையில் வண்டி வெகுநேரம் நிற்கும். கட்டுச்சோற்றை அங்கே பிரிப்பது நல்லது. குப்பம் தாண்டியதும் ஜன்னல் காற்று மாறிவிடும். பெட்டியில் எல்லோரும் சால்வையை எடுத்தார்கள். நான் கொண்டு போகவில்லை. ஒரு காற்றுக்குப் பயந்து மூட்டை கட்டுவதா என்ற வீம்பு. மாலை நாலரைக்குச் சிட்டி ஸ்டேஷனில் இறங்கும்போது பல் கிட்டியது.

வெளியே ஜட்கா வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"மல்லேஸ்வரமா அம்மா? பத்தணா."

"பத்தணாவுக்கு உன் குதிரையே கிடைக்கும்பா."

"வாங்கிக்குங்க அம்மா, புல்லும் நீங்களே போடுங்க! சரி, ஆறணா, ஏறுங்க. தண்டி ஜாஸ்தி, குளிரு தாங்காது, இந்த சாக்கைப் போத்திக்குங்க." ஆறணா நியாயமான கூலிதான். சாக்கில் குதிரை வாசனை. போர்த்திக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் வந்து நின்றவள் சரசா, அவருடைய புதுப் பெண்டாட்டி. "வாங்கம்மா" என்று காலில் விழுந்தாள். மூத்தாளின் தாயை இளையாள் அம்மா என்று கூப்பிடுவது நம்மில் வழக்கம்தான். ஆனாலும் அந்தச் சொல் எனக்கு வேப்பங்காயாக இருந்தது. அம்புஜம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, காதை மூடி ஒரு கம்பளிக் குல்லா; சரசா பின்னியதாம். அவளை மடியில் உட்கார்த்தித் தலையில் பேன் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, "ஆயா, மார்க்கெட்டுக்கு வா, அவரெக்காய் வந்திருக்கும்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். எதிரே வருகிறவர் முகம் தெரியாத பனி. தெரு ஓரமெல்லாம் அவரைக்காய்க் குவியல். தலையில் கறுப்புக் கம்பளி போட்டபடி குடியானவர்கள் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். மாட்டின் மூச்சும் மனிதர் மூச்சும் ஒன்றாகவே புகைந்தன. திடீரென்று மரங்களுக்குப் பின்னால் வெயில் வந்தது. பனி போகவில்லை, உள்ளேயிருந்து மஞ்சளாயிற்று. ஒவ்வொரு காயிலும் நீர்முத்து எரிந்தது. நான் வாய் திறந்து நின்றுவிட்டேன். பிறகு என்மேலேயே ஆத்திரம் வந்தது. என் மகள் நெஞ்சில் இறங்கியது இந்தப் பனிதானே? அதைப் பார்த்தா நிற்கிறாய் என்று.

ஆத்திரத்தோடு காய் பொறுக்கினேன். எங்கள் ஊரில் பிசுபிசுக்கிற காயை யாரும் தொடமாட்டோம். துடைத்தாற்போலச் சுத்தமான காயாகப் பார்த்து முந்தானை நிறைய எடுத்தேன். அம்புஜம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ ஆயா, எல்லாம் சப்பைக் காய்! இதுல சொகடே இல்லே. இதோ, மோந்து பாரு." தன் கையை என் மூக்கில் வைத்தாள். பிசினும் எண்ணெயுமாக, பச்சை வாசனை கமகமவென்றது. பனி குடித்த காய்க்குத்தான் அந்த சொகடு வாசனை வருமாம். நான் எடுத்ததையெல்லாம் கொட்டிவிட்டு அவளே வேறு பொறுக்கினாள்.

அன்று உரித்து ஊறப்போட்ட பருப்பை அடுத்த நாள் காலை பிதுக்க உட்கார்ந்தோம், சரசா, அம்புஜம், நான் மூவரும். விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு பாத்திரத்தில் விழும். நான் பிதுக்கியது என் நெற்றியில் விழுந்தது. "ஆயாவுக்குப் பொட்டு!" என்று குழந்தை உருண்டு சிரித்தாள். இதைவிட நல்ல நேரம் வராது என்று கேட்டுவிட்டேன்.

"எங்கூட வேலூருக்கு வந்துடறியாடி கண்ணு? அங்க இந்தக் குளிரே கிடையாது."

"பனி இல்லன்னா அவரெக்காய்க்கு சொகடு எப்படி ஆயா வரும்?" கொஞ்சம் யோசித்தாள். "சரி, வரேன். எப்பத் திரும்ப அம்மாகிட்டக் கொண்டாந்து விடுவே?"

சரசாவின் கை நின்றுவிட்டது. தலை நிமிரவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நான் பாத்திரத்தைப் பார்த்துப் பிதுக்கிக்கொண்டே இருந்தேன். அடுத்த நாள் தனியாக வண்டி ஏறினேன்.

பெங்களூர் போகிற சகோதரிகளுக்குச் சொல்கிறேன். கோடையில் எல்லோரும் போகிறார்கள். நீங்கள் மார்கழியில் போங்கள். சால்வையும் காலுறையும் கட்டாயம் வேண்டும், என் வீம்பு உங்களுக்கு வேண்டாம். வெயில் ஏறுவதற்குள் மார்க்கெட்டுக்குப் போய்விடுங்கள். கையில் ஒட்டுகிற காயாகப் பார்த்து வாங்குங்கள். பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் பனி கொஞ்சம் அசிங்கமாக இருந்து தொலைத்திருந்தால், என் பேத்தி இந்நேரம் என் பக்கத்தில் படுத்திருப்பாள்.