மருந்தில்லாத செட்டு

என் வேலை என்னவென்று ஊரில் யாராவது கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொள்வார். "நா கோழி எச்சம் பாக்கறேன், எந்தங்கச்சி மனுச எச்சம் பாக்குது. ரண்டு பேருக்கும் ஒரே பொழப்புதானுங்க." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். சேலத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் லேப் டெக்னீசியன். குடலில் புண் உள்ளவர்களின் மலத்தை வாங்கி, அதில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம். அண்ணனுக்கு மோகனூர்ப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை. செட்டு என்றால் கோழிக் கொட்டகை; விடிந்ததும் ஒவ்வொரு செட்டாக நுழைந்து, கூண்டுக்கு அடியில் கிடக்கும் எச்சத்தைப் பார்க்காமல் அவர் டீ குடித்து நான் கண்டதில்லை.

கோழியின் வயிற்றை அப்படிக் கவனித்தவர் தன் வயிற்றைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. ரத்தமும் சளியுமாகப் போனதை மூலம் என்று தானே முடிவுகட்டி, கண்ட லேகியத்தையும் தின்றார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்த பிறகுதான் நங்கை எனக்குப் போன் செய்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். சேலத்துக்குக் கூட்டிவந்து குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடல் முழுக்கப் புண். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். "ஆயுசுக்கும் தீவனத்துல மருந்துங்கறாரு" என்று அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரத்தத்தில் வைட்டமின் டி-யும் கொஞ்சம் குறைவாக இருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் வெயில் கொடுக்கும் சத்து குறைச்சலாம். இந்த நோய்க்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். டி குறைந்ததால் குடல் புண்ணாகிறதா, குடல் புண்ணானதால் டி குறைகிறதா என்பது இன்னும் தீராத வழக்கு. குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களோடு உடம்பு ஓயாமல் சண்டை போடாமலிருக்க டி உதவலாம் என்று நினைக்கிறார்கள். அதைச் சோதிக்கும் ஆய்வு ஒன்று அப்போது எங்கள் கூடத்தில் தொடங்கியிருந்தது. வழக்கமான குடல் மாத்திரை எல்லோருக்கும் உண்டு. அதோடு பாதிப் பேருக்கு டி, மீதிப் பேருக்குப் பார்க்க அதே போலிருக்கும் சும்மா மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது.

அண்ணன் சேர்ந்தார். கோழித் தடுப்பூசி வரும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, சாம்பிளை பஸ்ஸில் கொண்டுவருவார். பக்கத்தில் இருப்பவர் என்ன பெட்டி என்று கேட்டால், மீன் என்பாராம். சொந்தக்காரி என்பதால் அவருடைய சாம்பிளை நான் தொடக்கூடாது என்று எங்கள் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

சும்மா மாத்திரை விஷயம் பண்ணைக்காரருக்குப் புதிதல்ல. தீவனக் கம்பெனி ஏதாவது புதுப் பவுடர் கொடுத்தால், ஒரு செட்டுக்குப் போட்டு, அடுத்த செட்டுக்குப் போடாமல் விட்டு, வித்தியாசம் பார்ப்பார்கள். ஒருமுறை அப்படி விட்ட செட்டில் குடல் நோய் விழுந்தது. இப்போது மருந்து கொடுத்தால் கணக்குக் கெட்டுவிடும் என்று கம்பெனி ஆள் தடுக்க, கோழிகள் கூண்டுக்குள் சரிந்து விழுவதை அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அதை அவர் மறக்கவே இல்லை.

"நா மருந்தில்லாத செட்டாயிருந்தா என்ன அம்மிணி பண்றது?" என்று கேட்டார்.

"வழக்கமான மாத்திரதான் இருக்குதுங்களேண்ணா. அதுதான் முக்கியம்" என்றேன். தலையாட்டினார்.

கொஞ்ச நாளில் வயிற்றுப்போக்கு நின்றது. நங்கை போனில் சந்தோஷத்தில் அழுதார், கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தார். பிறகு மலச்சிக்கல் வந்தது. அதையும் குணமாகிற அடையாளம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டபோது, "குஞ்சுக்கு மூக்கு வெட்டு நடக்குது, ஆளில்ல, அடுத்த வாரம் வாரேன்" என்றார். குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தாமலிருக்க அலகு நுனியைச் சுடும் வேலை அது. அடுத்த வாரம் வேறு வேலை. பிறகு செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். ஓயாமல் சிறுநீர் போனது. சர்க்கரை வந்துவிட்டதோ என்று நினைத்தார்கள். வாந்தி தொடங்கி, ஒரு காலையில் நங்கையைப் பார்த்தே "யாருங்க நீங்க?" என்று கேட்டபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள்.

ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது. சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம். அவசரத்துக்குத் திறந்து பார்க்கலாம் என்று வைத்திருந்த உறையைப் பிரித்து, அவருக்கு எது கொடுக்கப்பட்டது என்று பார்த்தார்கள். அதில் என்ன எழுதியிருந்தாலும் எங்கள் மாத்திரை இவ்வளவு செய்யாது என்றார் பெரிய டாக்டர். மறுநாள் நங்கை ஒரு பிளாஸ்டிக் கேனைக் கொண்டுவந்தார். மோட்டார் ரூமில் கிடைத்ததாம். முட்டை ஓடு மெலிந்தால் கோழிகளின் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றும் டி மருந்து. ஒரு செட்டுக்கே கொஞ்சம் ஊற்றினால் போதும். அதைத் தினமும் மூடியில் ஊற்றிக் குடித்திருக்கிறார். டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், கால்சியம் ஏறினால் குடல் மந்தமாகும். போக்கை நிறுத்தி எங்களையெல்லாம் கும்பிட வைத்ததிலும் அந்த விஷத்துக்குப் பங்கிருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. டயாலிசிஸ் முடிந்து நினைவு தெளிந்தவரிடம், நோயாளி என்றும் பாராமல் கத்தினேன். "கோழி மருந்தக் குடிக்கிற மனுசன் எங்கீங்ணா இருக்கறான்?"

"ரண்டு செட்டுக்கும் ஊத்திப்போட்டா பயமில்லீல்ல அம்மிணி" என்றார். குரல் வறண்டிருந்தது. பிறகு காய்ச்சல் வந்தது, கிருமி ரத்தத்தில் ஏறியது. அண்ணன் வீடு திரும்பவில்லை.

காரியம் முடிந்து சொந்தபந்தம் கிளம்பிய பின், நங்கை என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "அம்மிணி, நீங்க குடுத்தது நெச மருந்தா, சும்மா மாத்திரையா?"

பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சும்மா மாத்திரை என்றால், அவர் பயந்தது சரிதான் என்றாவது மனசு ஆறும். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை.

"நெச மருந்துதானுங்க நங்கையா."

"அப்ப அத மட்டும் தின்னிருந்தா நல்லாயிருப்பாரா?"

"தெரியலீங்க. அது கேக்குமா கேக்காதான்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சியே நடக்குதுங்க."

நங்கை என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "கேக்குமான்னே தெரியாத மருந்துக்கா அம்மிணி, அது கெடைக்காம போயிருமோன்னு அவரு அத்தன பயந்தாரு?" என்றார்.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.