அய்யா ஊற்றிக் கொடுத்த தண்ணீர்

சாயல்குடிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்சாக இருந்தபோது, குடிக்கத் தொடங்கிய பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று எங்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தார்கள். திட்டக்கூடாது, பயமுறுத்தக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது. கேட்க வேண்டும், அவர்களையே யோசிக்கவிட வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் இது பெரும்பாடாக இருந்தது.

முதலில் வந்து மாட்டியவன் பதினேழு வயதுக் கபடிக்காரன். கூட்டாளிகளோடு பீர் குடித்துவிட்டு, சைக்கிளோடு கருவேல முள்ளுக்குள் விழுந்திருந்தான். நான் அவன் முதுகில் முள் எடுத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற அவனைப் பெற்ற அய்யா கெஞ்சினார்.

"சிஸ்டர், முள்ளு கெடக்கட்டும். குடிய நிறுத்த ஒரு ஊசி போடுங்க."

"அப்படி ஊசி எதுவும் இல்லண்ணே" என்றேன். பையனிடம் திரும்பி, "குடிச்சா அதுல என்னப்பா உனக்குப் பிடிக்குது?" என்று கேட்டேன்.

அய்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா, பரிசு குடுக்கப் போற மாதிரி கேக்குறீங்க?"

பையன் சிரித்துவிட்டான். ருசி பிடிக்கவில்லையாம், கசப்பாம். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதுதான் பிடிக்குமாம். பிடிக்காதது எது என்றேன்.

"மறுநா கபடி பாடிப் போனா மூச்சு தாங்க மாட்டேங்குது. சட்டுனு அமுக்கிப் போட்டுர்றாய்ங்க." முகம் வாடிவிட்டது. "வேணாம்னுதான் இருக்கு. சொன்னா விட மாட்டாய்ங்க."

மறுப்பதை ஒத்திகை பார்க்கவும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, "குடிப்பா" என்று நீட்டினேன். "வேணாம் சிஸ்டர்" என்றான். அவ்வளவுதான்.

"இப்படியா கேப்பாய்ங்க?" என்று அய்யா டம்ளரைப் பிடுங்கினார். மகன் தோளில் கை போட்டார். குரல் குழைந்தது. "ஏலே மாப்ள, ஒரு மடக்குடா. எனக்காக. அவென் குடுத்தா குடிப்ப, நான் குடுத்தா கசக்குதோ?" கண்ணில் நீரே கோத்துவிட்டது.

பையன் சொக்கிப்போய் டம்ளரை வாங்கி, முழுத் தண்ணீரையும் குடித்துவிட்டான்.

வாசலில் மாத்திரைக்கு நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அய்யா, இம்புட்டு நல்லா எங்கன படிச்சீங்க?" என்றான் மகன். அய்யா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னா வெயிலு" என்றார்.

விடவில்லை நான். மறுபடி மறுபடி ஊற்றவைத்தேன். கடைசியில் பையனுக்கு வார்த்தை பிடிபட்டது. "நாளைக்கு நான்தான்டா பாடிப் போகணும். தோத்தா நீயா வந்து பதில் சொல்லுவ? எனக்கு ஒரு கலரு சோடா வாங்கிக் குடு, உக்காந்து பேசுவோம்."

அய்யா என்னைப் பார்த்தார். "இப்படிக் கேட்டா வாங்கித்தான் குடுக்கணும்."

பொங்கல் போட்டி முழுக்க அவன் கலரோடேயே ஓட்டினான். பிறகு ஒரு கோயில் திருவிழாவில் சறுக்கிக் குடித்துவிட்டான். தானே வந்து சொன்னான். எந்த இடத்தில் வாய் வரவில்லை என்று கேட்டேன். "சித்தப்பா மகென் அழுதுட்டான் சிஸ்டர்." அழுகிற கூட்டாளிக்கு என்ன சொல்வது என்று அன்றைக்கு ஒத்திகை பார்த்தோம். அதன்பிறகு அவன் சறுக்கியதாகக் கேள்விப்படவில்லை.

அறுவடை முடிந்த சமயம் அய்யா தனியாக வந்தார். மூட்டுவலி என்றார். மாத்திரை வாங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு யாரு சிஸ்டர் கூட்டாளியா நடிப்பா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மகனைக் கூப்பிடவா அண்ணே?"

"அய்யய்யோ, அவென் வேணாம். என்னைய மாதிரியே கேப்பான்."

அன்றைக்கு நானே நடித்தேன். அவர் அளவுக்கு எனக்கு வரவில்லை.